புள்ளிகளைத் தெறித்தலும் பெயர்த்தலும்: விதிகளை மனனம் செய்யாமல் ஆள்கூறுகளைக் காணும் வழி

இலங்கையின் நில அளவை வரைபடங்களுக்குரிய ஆள்கூற்று வலையமைப்பு, பிதுருதலாகலை மலையுச்சியை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அந்த உச்சியை உற்பத்தியாக, அதாவது (0, 0) புள்ளியாக எடுத்து, கிழக்கு நோக்கி எக்ஸ் அச்சையும் வடக்கு நோக்கி வை அச்சையும் வரைந்து, கிலோமீற்றரை அலகாகக் கொண்டால், திருகோணமலை நகரம் ஏறத்தாழ (51, 174) என்னும் புள்ளியில் அமையும். தெறித்தல் என்பது ஒரு கோட்டைக் கண்ணாடியாகக் கொண்டு புள்ளியின் விம்பத்தை மறுபக்கத்தில் காண்பது; இந்த ஒரு புள்ளியைக் கொண்டே சாதாரண தரத்தில் வரும் தெறிப்புகள் பெரும்பாலானவற்றை விளக்கிவிடலாம்.

உச்சியினூடாகக் கிழக்கு மேற்காகச் செல்லும் எக்ஸ் அச்சில் திருகோணமலையைத் தெறித்தால் (51, −174) கிடைக்கும். அது அம்பாந்தோட்டைக்குத் தெற்கே கடலில் விழும். வடக்குத் தெற்காகச் செல்லும் வை அச்சில் தெறித்தால் (−51, 174) கிடைக்கும். அது மதவாச்சிக்கு மேற்கே நிலத்தில் அமையும். இரண்டு அச்சுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தால் வரும் (−51, −174) காலிக்குத் தெற்கே கடலில் இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே சரிபாதியாகச் செல்லும் வை = எக்ஸ் என்ற கோட்டில் தெறித்தாலோ, (174, 51) கல்முனைக்குக் கிழக்கே ஆழ்கடலில் போய் நிற்கும். இலங்கைப் படம் ஒன்றை மேசையில் விரித்து, அளவுகோலால் அளந்து இவற்றைச் சரிபார்ப்பது நல்ல பயிற்சி.

மாணவர்களிற் பலர் இந்த நான்கையும் நான்கு தனித்தனிக் குறிமாற்ற விதிகளாக மனனம் செய்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் எந்த விதி எந்த அச்சுக்கு உரியது என்பது குழம்பிவிடும். அதைவிட, தெறிப்புக் கோடு அச்சாக இல்லாமல் எக்ஸ் = 3 அல்லது வை = −1 என்று மாறும்போது மனனம் செய்த நான்கு விதிகளும் பயனற்றுப் போகின்றன. ஆகவே விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அவை எதிலிருந்து பிறக்கின்றனவோ அந்த ஒரே உண்மையிலிருந்து தொடங்குவோம்.

கோடு நடுவில் நிற்கிறது

ஒரு புள்ளியையும் அதன் விம்பத்தையும் இணைக்கும் கோட்டுத்துண்டை, தெறிப்புக் கோடு செங்குத்தாகவும் இரு சமபாகங்களாகவும் வெட்டும். தெறிப்பு என்பதற்கு இதைவிட வேறு வரைவிலக்கணம் தேவையில்லை. "செங்குத்தாக" என்ற சொல் புள்ளி எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைச் சொல்கிறது. "இரு சமபாகங்களாக" என்ற சொற்கள் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதைச் சொல்கின்றன. சதுரக்கோட்டுத் தாளில் புள்ளியை மையால் அழுத்திக் குறித்து, மை காயும் முன்பே கோட்டின் வழியே தாளை மடித்துப் பார்த்தால் விம்பம் தானாகவே பதியும்.

இப்போது எக்ஸ் அச்சை எடுத்துக்கொள்வோம். அது கிடையானது. அதற்குச் செங்குத்தான திசை மேலும் கீழுமாகும். ஆகவே புள்ளி இடமோ வலமோ அசையாது; எக்ஸ் ஆள்கூறு மாறாமலிருக்க, வை ஆள்கூறு மட்டும் குறி மாறும். வை அச்சில் தெறிக்கும்போது இதே காரணத்தால் எக்ஸ் ஆள்கூறு குறி மாறும். "எக்ஸ் அச்சில் தெறித்தால் எக்ஸ் மாறும்" என்று எழுதும் பிழை, அச்சின் பெயரைப் பார்த்துவிட்டு அதன் திசையைப் பாராததால் வருவது. அச்சின் பெயர் எதுவோ அந்த ஆள்கூறே அசையாமல் நிற்கும்.

குறி மாறும் என்பதை மறையாகும் என்று விளங்கிக்கொள்வதும் தவறு. (4, −7) என்ற புள்ளியை எக்ஸ் அச்சில் தெறித்தால் விம்பம் (4, 7) ஆகும். மறை எண் நேர் எண்ணாக வந்துவிட்டது. அச்சின் மீதே கிடக்கும் (4, 0) போன்ற புள்ளியோ தன் இடத்திலேயே இருக்கும்.

அடுத்து, அச்சுக்கு இணையான கோடுகள். எக்ஸ் = 3 என்பது நிலைக்குத்தான கோடு; அதன்மீதுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் எக்ஸ் ஆள்கூறு 3 என்பதே அதன் பொருள். இதைக் கிடையாக வரைபவர்கள் மிகப் பலர். ஐயம் வரும்போதெல்லாம் (3, 0), (3, 1), (3, 5) என மூன்று புள்ளிகளைக் குறித்துப் பார்த்துவிட்டுக் கோட்டை வரையுங்கள். (−4, 1) என்ற புள்ளியை இக்கோட்டில் தெறிக்கும்போது வை ஆள்கூறு 1 ஆகவே இருக்கும். எக்ஸ் ஆள்கூறுகள் இரண்டினதும் இடைப்பெறுமானம் 3 ஆக வேண்டும்; எனவே அவற்றின் கூட்டுத்தொகை 6. ஒன்று −4 எனில் மற்றது 10. விம்பம் (10, 1).

பொதுவாக, (அ, ஆ) என்ற புள்ளியை எக்ஸ் = ம என்ற கோட்டில் தெறித்தால் (2ம − அ, ஆ) கிடைக்கும்; வை = ம என்ற கோட்டில் தெறித்தால் (அ, 2ம − ஆ) கிடைக்கும். ம இற்கு 0 இட்டுப் பாருங்கள். முன்னர் சொன்ன குறிமாற்ற விதிகள் வந்துவிடும். மனனம் செய்தே தீருவேன் என்பவர் "இரு மடங்கு கோடு, அதிலிருந்து புள்ளியைக் கழி" என்ற இந்த ஒன்றை மட்டும் மனனம் செய்தால் போதும்.

ஓர் உருவத்தைத் தெறிக்கும்போது ஒவ்வோர் உச்சியாகத் தெறித்து, வந்த புள்ளிகளை அதே ஒழுங்கில் இணைக்க வேண்டும். (1, 1), (4, 1), (1, 3) என்ற உச்சிகளையுடைய முக்கோணியை வை = −1 இல் தெறித்தால், ஒவ்வொரு வை ஆள்கூறும் −2 இலிருந்து கழிக்கப்பட்டு (1, −3), (4, −3), (1, −5) வரும். மூல முக்கோணியின் உச்சிகளை மேற்கூறிய ஒழுங்கில் சுற்றினால் இடஞ்சுழியாகச் செல்வோம். விம்பத்தைச் சுற்றினால் வலஞ்சுழியாகச் செல்வோம். பக்க நீளங்களும் கோணங்களும் மாறாமலிருக்க, சுற்றும் திசை மட்டும் புரளுவது தெறிப்பின் அடையாளம். விடையில் சுழிதிசை புரளவில்லை என்றால் எங்கோ ஓர் உச்சி பிழைத்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

பெயர்த்தல்

பெயர்ப்பு இதைவிட எளிது. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் நகரும். வலப்பக்கம் 3, கீழே 4 என்றால் ஒவ்வோர் எக்ஸ் ஆள்கூற்றுடனும் 3 ஐக் கூட்டி, ஒவ்வொரு வை ஆள்கூற்றிலிருந்தும் 4 ஐக் கழிக்க வேண்டும்; அவ்வளவுதான். திரும்பி வர வேண்டுமானால் −3, 4 என்பவற்றைக் கூட்டலாம்.

இந்தச் சிறு கூட்டலின் பெறுமதியை நில அளவையாளர்கள் நன்கு அறிவார்கள். பிதுருதலாகலையை (0, 0) என்று வைத்தால் கொழும்பு, காலி, மன்னார் ஆகிய ஊர்களெல்லாம் உச்சிக்கு மேற்கே இருப்பதால் மறை ஆள்கூறுகளைப் பெறும். வெளிக்களத்தில் குறிப்பெழுதும்போது ஒரு மறைக் குறி விடுபட்டால் ஊரே இடம் மாறிவிடும். அதனைத் தவிர்ப்பதற்காகப் பழைய வலையமைப்பில் உச்சிக்கு (200 000, 200 000) மீற்றர் என்ற ஆள்கூறு அளிக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் வலையமைப்பில் அது (500 000, 500 000) ஆக உயர்த்தப்பட்டது. கிலோமீற்றரில் சொன்னால், திருகோணமலை முதலாவதில் ஏறத்தாழ (251, 374) இலும் இரண்டாவதில் ஏறத்தாழ (551, 674) இலும் அமையும். இரண்டுக்கும் இடையே அளவைத் தரவுகளில் வேறு திருத்தங்களும் உண்டெனினும், நாட்டின் எந்தப் புள்ளியும் மறை எண் பெறாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பெயர்ப்பே. ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தை 1637 இல் வெளியிட்ட ரெனே தெக்காட்டும்கூட மறை ஆள்கூறுகளை இன்று நாம் கையாளுவதுபோல் கையாளவில்லை என்பதை அறிந்தால், மறைக் குறியைக் கண்டு தயங்கும் மாணவர் சற்று ஆறுதல் அடையலாம்.

பெயர்த்த பின் தெறிப்புக் கோடும் சேர்ந்து நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய வலையமைப்பில் உச்சியினூடாக வடக்குத் தெற்காகச் செல்லும் கோடு இப்போது வை அச்சு அன்று; அது எக்ஸ் = 500. அதில் திருகோணமலையைத் தெறிக்க, 2 × 500 − 551 = 449 என்று கணித்து (449, 674) என எழுதுகிறோம். அதிலிருந்து 500, 500 ஐக் கழித்தால் மீண்டும் (−51, 174), அதே மதவாச்சிக்கு மேற்கேயுள்ள புள்ளி. பெயர்ப்பால் எண்கள் மாறினவே தவிர இடம் மாறவில்லை.

அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றின் பாகைகளை இவ்வாறு கூட்டிக் கழித்துப் பெயர்ப்புச் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சிறு பரப்பில் செய்தால் பெரிய வழு வராது. ஆனால் பூமி உருண்டையாதலால் ஒரு பாகை நெடுங்கோட்டின் நீளம் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. 60 ஆம் அகலக்கோட்டில் அது மத்திய கோட்டில் உள்ளதன் பாதியளவே. மீற்றரில் அளந்த தட்டையான வலையமைப்பு வேண்டியிருப்பது இதனால்தான்.

எதை முதலில் செய்வது

தெறிப்பும் பெயர்ப்பும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும்போது ஒழுங்கு முக்கியமாகிறது. (2, 5) என்ற புள்ளியை வலப்பக்கம் 3 அலகு பெயர்த்து, பின்னர் வை அச்சில் தெறித்தால் (5, 5) வழியாக (−5, 5) ஐ அடைவோம். முதலில் தெறித்துப் பின்னர் பெயர்த்தால் (−2, 5) வழியாக (1, 5) ஐ அடைவோம். இரண்டு விடைகளுக்கும் இடையே 6 அலகு, அதாவது பெயர்ப்பின் இரு மடங்கு வேறுபாடு உண்டு. காரணம் எளிது: முதலில் பெயர்த்தால் அந்த 3 அலகு நகர்வும் தெறிப்பில் சேர்ந்து இடப்பக்க நகர்வாக மாறிவிடுகிறது. ஆனால் பெயர்ப்பு மேல்நோக்கி 3 அலகு என்றிருந்தால் எந்த ஒழுங்கில் செய்தாலும் (−2, 8) தான் வரும். தெறிப்புக் கோட்டுக்கு இணையான நகர்வைத் தெறிப்பு தொடுவதில்லை.

இரண்டு தெறிப்புகளை அடுத்தடுத்துச் செய்வது இன்னும் சுவையானது. (1, 4) ஐ முதலில் எக்ஸ் = 2 இலும் பின்னர் எக்ஸ் = 5 இலும் தெறித்துப் பாருங்கள்: (3, 4), அடுத்து (7, 4). புள்ளி வலப்பக்கம் 6 அலகு பெயர்ந்திருக்கிறது. கோடுகளுக்கு இடையேயுள்ள தூரம் 3. எந்தப் புள்ளியை எடுத்தாலும் இதே 6 தான் வரும். கோடுகளின் ஒழுங்கை மாற்றினால் (9, 4) வழியாக (−5, 4) க்குச் சென்று, அதே 6 அலகு இடப்பக்கம் பெயரும். ஆகவே இணையான இரு கோடுகளில் தெறிப்பது, அவற்றுக்கு இடையேயுள்ள தூரத்தின் இரு மடங்கு பெயர்ப்புக்குச் சமம். கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், அவை வெட்டும் புள்ளியைச் சுற்றிய 180 பாகைச் சுழற்சி கிடைக்கும். திருகோணமலை காலிக்குத் தெற்கே போய்ச் சேர்ந்தது அவ்வாறுதான்.

சாய்ந்த கோடுகள்

வை = எக்ஸ் என்ற கோட்டில் தெறிக்கும்போது ஆள்கூறுகள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியும். ஏன் என்பதையும் பார்த்துவிடுவோம். (அ, ஆ), (ஆ, அ) ஆகியவற்றின் நடுப்புள்ளியில் இரண்டு ஆள்கூறுகளும் சமமாதலால் அது கோட்டின் மீது அமைகிறது. அவற்றை இணைக்கும் துண்டின் படித்திறன் −1, கோட்டின் படித்திறன் 1, பெருக்கம் −1, ஆகவே செங்குத்து. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன. வை = −எக்ஸ் எனில் இடமும் மாறி, குறிகளும் மாறி (−ஆ, −அ) வரும்.

கோடு வை = எக்ஸ் + 2 என்றிருந்தால் புதிய விதி தேடவேண்டியதில்லை; பெயர்ப்பைத் துணைக்கழைக்கலாம். (1, 6) என்ற புள்ளியை எடுத்து, அனைத்தையும் 2 அலகு கீழே இறக்கினால் கோடு வை = எக்ஸ் ஆகும், புள்ளி (1, 4) ஆகும். ஆள்கூறுகளை மாற்றினால் (4, 1). மீண்டும் 2 அலகு மேலே ஏற்றினால் (4, 3). சரிபார்ப்பு: நடுப்புள்ளி (2.5, 4.5) கோட்டின் மீது உள்ளது. கோட்டை வசதியான இடத்துக்குக் கொண்டுவந்து, வேலையை முடித்து, மீண்டும் அதன் இடத்தில் வைக்கும் இந்த முறையை ஒருமுறை பழகிக்கொண்டால் சுழற்சிக் கணக்குகளிலும் அது கைகொடுக்கும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கு எந்தச் சாய்வுள்ள கோடும் வரலாம். 3எக்ஸ் + 4வை − 10 = 0 என்ற கோட்டில் (5, 5) ஐத் தெறிக்க வேண்டும் எனக் கொள்வோம். கோட்டுக்குச் செங்குத்தான திசையைச் சமன்பாட்டின் குணகங்களே தருகின்றன: (3, 4). எனவே விம்பம் (5 + 3த, 5 + 4த) என்ற வடிவில் இருக்கும். நடுப்புள்ளி (5 + 1.5த, 5 + 2த) கோட்டில் இருக்க வேண்டும், பிரதியிட்டால் 25 + 12.5த = 0, த = −2. விம்பம் (−1, −3). நடுப்புள்ளி (2, 1) ஐச் சமன்பாட்டில் இட்டால் 6 + 4 − 10 = 0. இதற்கென ஒரு நீண்ட சூத்திரம் உண்டு; ஆனால் சூத்திரத்தை நினைவில் தேடும் நேரத்துக்குள் இந்த வழியில் விடையே வந்துவிடும் என்பது என் கருத்து.

தலைகீழாக, புள்ளியும் விம்பமும் தரப்பட்டு, தெறிப்புக் கோடு கேட்கப்படுவதும் உண்டு. (2, 1) இன் விம்பம் (6, 3) எனில் நடுப்புள்ளி (4, 2); இணைக்கும் துண்டின் படித்திறன் 1/2; ஆகவே கோட்டின் படித்திறன் −2; சமன்பாடு வை = −2எக்ஸ் + 10.

வரைபுகளை நகர்த்தும்போது

இருபடிச் சார்பு வரைபுகளில்தான் பெயர்ப்பு மாணவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. வை = எக்ஸ்² என்ற வரைபை வலப்பக்கம் 3 அலகு நகர்த்தினால் சமன்பாட்டில் ஏன் (எக்ஸ் − 3) வருகிறது? வலப்பக்கம் என்றால் கூட்டல் அல்லவா? புள்ளிகளுக்குக் கூட்டல்தான். பழைய வரைபிலுள்ள (அ, ஆ) இப்போது (அ + 3, ஆ) ஆகிவிட்டது. புதிய புள்ளியின் எக்ஸ் என்பது அ + 3. எனவே அ என்பது எக்ஸ் − 3. பழைய வரைபு ஆ = அ² என்ற தொடர்பையே அறியும்; அதில் அ இன் இடத்தில் எக்ஸ் − 3 ஐ இடுகிறோம். சமன்பாடு புதிய புள்ளியைப் பெற்றுக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கேட்பதால் கழித்தல் வருகிறது.

அதே வரைபை 4 அலகு கீழிறக்கினால் வை = (எக்ஸ் − 3)² − 4; திரும்பற் புள்ளி (3, −4), சமச்சீர் அச்சு எக்ஸ் = 3. இந்த வரைபு எக்ஸ் அச்சை 1 இலும் 5 இலும் வெட்டுகிறது. அவற்றின் இடைப்பெறுமானம் 3. ஒரு மூலம் 1 என்றும் சமச்சீர் அச்சு எக்ஸ் = 3 என்றும் தெரிந்தால் மற்றைய மூலம் 2 × 3 − 1 = 5 என்று உடனே எழுதலாம்; பெறுமான அட்டவணை தயாரிக்கும்போதும் ஒரு பக்கத்துப் பெறுமானங்களைக் கணித்தால் மறுபக்கம் தெறிப்பால் வந்துவிடும். முழு வரைபையும் எக்ஸ் அச்சில் தெறித்தால் வை = −(எக்ஸ் − 3)² + 4 ஆகும். இங்கும் ஒழுங்கு தவறினால், அதாவது முதலில் தெறித்துப் பின்னர் 4 அலகு கீழிறக்கினால், வை = −(எக்ஸ் − 3)² − 4 என்ற வேறொரு வரைபு கிடைக்கும்; அது அச்சைத் தொடவே தொடாது.

குறுகிய வழி

தெறிப்பால் நேரடியாகப் பயன்பெறும் கணக்கு ஒன்றை அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் ஆராய்ந்திருக்கிறார். அதைத் திருக்கடலூர்க் கரைக்குக் கொண்டுவருவோம். கரையை எக்ஸ் அச்சாகக் கொண்டு, கடலில் (1, 3) இல் நிற்கும் வள்ளம் ஒன்று, கரையில் ஏதேனும் ஓரிடத்தைத் தொட்டு ஐஸ் ஏற்றிக்கொண்டு, (7, 5) இல் வலை விரிக்கச் செல்ல வேண்டும். மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க எங்கே கரையைத் தொட வேண்டும்?

(7, 5) ஐக் கரையில் தெறித்து (7, −5) ஐ எடுங்கள். கரையின் எந்தப் புள்ளியிலிருந்தும் மூலப் புள்ளிக்கும் விம்பத்துக்கும் உள்ள தூரங்கள் சமம். ஆகவே (1, 3) இலிருந்து கரையைத் தொட்டு (7, 5) க்குச் செல்லும் தூரம், கரையைத் தொட்டு (7, −5) க்குச் செல்லும் தூரமே. அதில் மிகக் குறைந்தது நேர்கோடு. எக்ஸ் வித்தியாசம் 6, வை வித்தியாசம் 8, தூரம் 10. கோட்டின் படித்திறன் −4/3 ஆதலால், 3 அலகு கீழிறங்க 2.25 அலகு வலப்பக்கம் செல்ல வேண்டும்; தொடும் இடம் (3.25, 0). அங்கே வந்த வழியும் போகும் வழியும் கரையுடன் சமகோணம் அமைப்பதையும் காணலாம்: 3/2.25, 5/3.75 ஆகிய இரண்டும் 4/3.

வள்ளம் ஏற்றக்கூடிய மணற்பகுதி எக்ஸ் = 4 இலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு இடப்புறம் பாறை எனில், (3.25, 0) பயன்படாது. தொடும் இடம் 3.25 இலிருந்து விலக விலகத் தூரம் கூடிக்கொண்டே செல்வதால், மணலின் தொடக்கமான (4, 0) ஐயே தெரிவுசெய்ய வேண்டும். அப்போது தூரம் 18 இன் வர்க்கமூலத்தினதும் 34 இன் வர்க்கமூலத்தினதும் கூட்டுத்தொகையாகி, ஏறத்தாழ 10.07 அலகு வரும்.